தந்தையும் மகனும் ஒரே வண்டியில்: மஹல்லாக்களுக்கு ஒரு மஷூரா



யூஸுஃப் (அலை) அவர்கள் சிறு வயதில் ஒரு கனவு கண்டார்கள். பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணிவதாகக் கண்ட அக்கனவை அவர்கள் கொண்டு சென்றது தம் தந்தையிடம். யஃகூப் (அலை) அவர்கள் அதைப் பொறுமையாகக் கேட்டார்கள். கேலி செய்யவில்லை, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போடவுமில்லை. சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று எச்சரித்து, மகனுக்குக் கிடைக்கவிருக்கும் சிறப்பைப் பற்றிய நற்செய்தியையும் கூறினார்கள். சூரா யூஸுஃபின் வரலாறு, ஒரு பிள்ளை தன் மனத்திலிருப்பதைத் தந்தையிடம் சொல்வதிலிருந்துதான் தொடங்குகிறது.

நம் மஹல்லாவில் பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவனின் மனத்தில் ஓர் ஆசையோ அச்சமோ எழுந்தால் அவன் யாரிடம் செல்கிறான்? பெரும்பாலும் தாயிடம், தாயிடமும் சொல்ல இயலாததை நண்பனிடம், நண்பனிடமும் சொல்லத் தயங்குவதைக் கைப்பேசியின் மறுபக்கத்தில் இருக்கும் முகமறியா ஒருவனிடம். வாப்பா என்று அழைத்தாலும் அத்தா என்று அழைத்தாலும், தந்தை அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கிறார். சில வீடுகளில் வரிசையிலேயே இல்லை.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. மகனைப் பற்றி விசாரிக்கத் தந்தை வருவார். "ஹஜ்ரத், இவன் ஒழுங்கா ஓதுறானா?" என்று கேட்பார். மகன் அவர் பக்கத்திலேயே தலை குனிந்து நிற்பான். கேள்வி அவனைப் பற்றியது. ஆனால் அது நம்மிடம் கேட்கப்படுகிறது. அவன் சொல்ல வேண்டிய பதிலும் நம் வாயிலிருந்தே வருகிறது. அவ்விருவரும் பேசிக்கொள்ள மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்படுகிறார்.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் சபுராளித் தந்தையரின் நிலை இன்னும் கடினமானது. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை கிடைக்கும் விடுமுறை, வீட்டு வேலை, உறவினர் திருமணம், வங்கி, பத்திரப் பதிவு, மருத்துவர் என்று கரைந்து போகிறது. சென்ற விடுமுறையில் கீச்சுக் குரலில் பேசிய மகன் இந்த விடுமுறையில் கனத்த குரலில், விருந்தாளிக்குச் சொல்வது போல ஸலாம் சொல்கிறான். உள்ளூரில் கடை வைத்திருப்பவரின் கதையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. ஃபஜ்ருக்குப் பின் கிளம்பி, இஷாவுக்குப் பின் திரும்புபவருக்கு மகன் உறங்கும் முகம்தான் அறிமுகம்.

யாரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஹலாலான வருவாய்க்காகப் படும் பாடு வணக்கத்தில் சேரும் என்பதை நாம் அறிவோம். ஆனால் பிள்ளைக்குக் கட்டணம் கட்டினோம், உடை வாங்கினோம், மிதிவண்டியும் பின்னர் பைக்கும் வாங்கித் தந்தோம் என்ற கணக்கில், அவனோடு இருந்த நேரம் என்ற ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது. அந்த வரியை நிரப்புவதற்கான ஒரு சிறு முயற்சியாக, ஒவ்வொரு மஹல்லாவும் ஆண்டுக்கு ஒருமுறை தந்தையரும் மகன்களும் மட்டும் செல்லும் ஒரு ஸஃபரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது நம் கருத்து. அதை எப்படி அமைப்பது என்பதையும் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் நல்ல நோக்கத்துடன் தொடங்கும் இத்தகைய ஏற்பாடுகள் பெரும்பாலும் அமைப்பில்தான் கெட்டுப் போகின்றன.

குழு சிறியதாக இருக்கட்டும்

ஐம்பது பேர் அமரும் பேருந்தை அமர்த்தினால் அது சுற்றுலா ஆகிவிடும். பிள்ளைகள் பின் இருக்கைகளுக்குப் போய்விடுவார்கள். பெரியவர்கள் முன்னால் அமர்ந்து ஜமாஅத் நிர்வாகத்தைப் பேசிக்கொண்டு வருவார்கள். திரும்பி வரும்போது தந்தைக்கு நான்கு நண்பர்கள் கூடியிருப்பார்கள், மகனுக்கும் நான்கு நண்பர்கள் கூடியிருப்பார்கள். தந்தையும் மகனும் புறப்பட்ட இடத்திலேயே இருப்பார்கள்.

ஏழெட்டுத் தந்தையர், ஆளுக்கு ஒரு மகன், ஒரு வேன். இதற்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று மகன்கள் உள்ளவர் இவ்வாண்டு மூத்தவனையும் அடுத்த ஆண்டு இளையவனையும் அழைத்து வரட்டும். தந்தை முழுமையாகத் தனக்கே கிடைக்கும் இரண்டு நாட்கள் என்பது, கூட்டுக் குடும்பத்தில் வளரும் பிள்ளைக்கு வாழ்வில் அரிதாக வாய்க்கும் பேறு. வயது பத்திலிருந்து பதினாறு வரை இருப்பது நல்லது. அதற்குக் கீழே உள்ளவனுக்கு இரவில் தாயின் நினைவு வரும். மேலே உள்ளவனுக்கு வேறு வகையான பேச்சு வேண்டும்.

மூவர் பயணம் செய்தாலும் ஒருவரை அமீராக்கிக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். எனவே அமீர் ஒருவர் வேண்டும். அவருக்குத் துணையாகப் பிள்ளைகளுள் ஒருவனையும் நியமியுங்கள். புறப்படும் நேரம், செல்லும் இடம், சமைக்கும் உணவு ஆகியவற்றுக்கான மஷூராவில் பிள்ளைகளும் அமரட்டும். இப்ராஹீம் (அலை) அவர்கள் தாம் கண்ட கனவை மகனிடம் கூறி, உன் கருத்து என்ன என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் கட்டளையான அந்த மாபெரும் காரியத்திலேயே மகனின் கருத்தைக் கேட்ட தந்தை நமக்கு முன்மாதிரியாக இருக்கும்போது, இட்லியா பொங்கலா என்பதிலாவது நாம் நம் பிள்ளைகளைக் கேட்கலாம்.

பயான் குறையட்டும்

ஆலிம்கள் சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். மூன்று நாள் கிடைத்தால் ஆறு பயான், ஒரு கிராஅத் போட்டி, ஒரு வினாடி வினா என்று அட்டவணை போடுவது நமக்குப் பழக்கம். ஓதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் சொல்கிறோம்: இந்த ஸஃபரில் அது வேண்டாம். பிள்ளைகள் நம் பேச்சை ஆண்டு முழுவதும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்காதது தந்தையின் பேச்சை. தந்தை கேட்காதது அவர்களின் பேச்சை.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து சென்றார்கள். அந்தப் பயணத்தில்தான், அல்லாஹ்வைப் பேணிக்கொள்வதைப் பற்றியும் அவனிடமே கேட்பதைப் பற்றியும் அமைந்த புகழ்பெற்ற உபதேசம் அவர்களுக்குக் கிடைத்தது. அது நீண்ட சொற்பொழிவு அல்ல. மூச்சு வாங்குவதற்குள் சொல்லி முடிக்கக் கூடிய சில சொற்கள். வாழ்நாள் முழுவதும் அவர்கள் நினைவில் நிற்க அதுவே போதுமானதாக இருந்தது. ஹஜ்ஜத்துல் விதாவில் அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா வரை உஸாமா (ரலி) அவர்களும், முஸ்தலிஃபாவிலிருந்து மினா வரை ஃபழ்ல் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் நபியவர்களுடன் ஒரே வாகனத்தில் அமர்ந்து சென்ற இளைஞர்கள். பயணத்தில் இளையவரைத் தம்முடன் ஏற்றிக்கொள்வது நபிவழியில் நாம் அடிக்கடி காணும் பண்பு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எதிரெதிரே உட்கார வைத்து, "சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்க மாட்டான், அது விசாரணை போலத் தோன்றும். பக்கத்தில் நடந்துகொண்டோ, ஒரே திசையைப் பார்த்து அமர்ந்துகொண்டோ, கையில் ஏதேனும் வேலை செய்துகொண்டோ இருக்கும்போது பேச்சு தானாக வரும். ஆகவே அட்டவணையில் நடைக்கும் வேலைக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஃபஜ்ருக்குப் பின் ஐந்து நிமிடம் ஒரு ஹதீஸ், அவ்வளவு போதும். மகன் பேசும்போது தந்தை குறுக்கிடாமல் கேட்பதே இந்த ஸஃபரின் பெரிய பயான்.

கண்டித்துப் பேசாமை இன்னொரு விதியாக இருக்கட்டும். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நோக்கி நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை. நாம் மூன்று நாள் முயன்று பார்க்கலாமே. பிறர் பிள்ளைகள் முன்னால் தன் பிள்ளையின் மதிப்பெண்ணையும் தொழுகைக் குறையையும் எடுத்துப் பேசுவதில்லை என்று தந்தையர் புறப்படும் முன்பே உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும். மகன் நம்பிச் சொன்னதை வீட்டுக்கு வந்து அவன் தாயிடமும் பாட்டியிடமும் சிரித்துக்கொண்டே சொல்வதும் கூடாது. யஃகூப் (அலை) அவர்கள் கனவைக் காத்ததைப் போலக் காக்க வேண்டும். ஒருமுறை வெளியே போன இரகசியத்தோடு மகனின் நம்பிக்கையும் போய்விடும். உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தான செய்தியானால் மட்டும் அதற்குரியவர்களிடம் கொண்டு செல்லலாம். அதையும் அவனிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

எங்கே செல்லலாம்?

தொலைவும் செலவும் குறைந்த இடமே சிறந்தது. காவிரி டெல்டாவில் வாழும் நமக்குக் கோடியக்கரையும் முத்துப்பேட்டையும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஜுமுஆ தொழுதுவிட்டுப் புறப்பட்டு, ஞாயிறு மாலை திரும்பிவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. ரமளான் எப்போது வருகிறது என்று பார்த்து நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையின் தந்தையிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோடியக்கரை சரணாலயம் 1967-இல் அறிவிக்கப்பட்டது. வெளிமான்கள் கூட்டமாக மேய்வதை அதிகாலையில் காணலாம். குளிர்காலத்தில் பூநாரை உள்ளிட்ட வலசைப் பறவைகள் வந்து தங்கும். இறக்கைகளை விரித்து மேலே பறக்கும் பறவைகளைச் சிந்தித்துப் பார்க்குமாறு குர்ஆன் நம்மை அழைக்கிறது. பாடமாக ஓதிய அந்த ஆயத்துகளைக் கண் முன்னே காண்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு என்ன? கைப்பேசித் திரையிலிருந்து தலை நிமிராத பிள்ளை, அங்கே தந்தையின் தோளைத் தட்டி வானத்தைக் காட்டுவான்.

அருகிலிருக்கும் வேதாரண்யத்தில் உப்பளங்கள் உள்ளன. 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் ஆங்கிலேயரின் உப்புச் சட்டத்தை மீறியது இங்கேதான். அகஸ்தியம்பள்ளியில் அதன் நினைவிடம் இருக்கிறது. பாடநூலில் நான்கு வரியாகப் படித்ததை உப்பின் மணத்தோடு படித்துக்கொள்ளட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்ததும் இந்தக் கடற்கரையில்தான். அன்றிரவு தென்னைகள் சாய்ந்ததையும், மின்சாரமின்றிக் கழித்த நாட்களையும் தந்தையர் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் இடையிடையே தம் சிறு வயது நினைவுகளைச் சேர்ப்பார்கள். புயலின்போது வெளிநாட்டில் இருந்த தந்தைக்கு, தொலைபேசி கிடைக்காமல் தவித்த தம் இரவைச் சொல்லவும் அது வாய்ப்பு. அவருக்கும் அச்சம் உண்டு என்பதை மகன் அன்றுதான் அறிவான்.

மறுநாள் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு. வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுப் படகில் செல்ல வேண்டும். சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்களைக் காட்டி, காற்றில்லாச் சேற்றில் இம்மரத்துக்கு அல்லாஹ் சுவாசத்தை எப்படி வைத்திருக்கிறான் என்று பிள்ளைகளே பேசட்டும்.

தொழுகையில் பயணச் சலுகைகளையும் செயல்வழியே கற்பிக்கலாம். கஸ்ருக்குரிய தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. உங்கள் ஊரிலிருந்து அத்தொலைவு வருகிறதா என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பயணி லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின் போதன்றி அவ்வாறு சேர்ப்பதில்லை. ஒரே வண்டியில் இரு மத்ஹபினரும் இருந்தால், கருத்து வேறுபாட்டைச் சண்டையின்றி மதிக்கும் பண்பையும் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள்.

சமையல் நம் கையால் ஆகட்டும்

சமையற்காரரை அழைத்துச் செல்ல வேண்டாம். அரிசி, பருப்பு, காய்கறி, மசாலாப் பொடிகள், ஒரு பெரிய தேக்சா, ஓர் எரிவாயு அடுப்பு போதும். நெய்ச்சோறும் தாளிச்சாவும் சரியாக வராவிட்டால் கஞ்சியும் துவையலும் இருக்கவே இருக்கின்றன. வெங்காயம் உரிப்பதும், தண்ணீர் தூக்குவதும், பாத்திரம் கழுவுவதும் இருவர் இருவராகச் செய்யும் வேலைகள். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே வேலையைப் பிரித்துக் கொடுப்பது அமீரின் பொறுப்பு.

இதில் சபுராளித் தந்தையருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வளைகுடாவில் அறைத் தோழர்களோடு முறை வைத்துச் சமைத்த கைகள் அவை. ஊருக்கு வந்தால் அவர் தட்டின் முன் அமரும் விருந்தாளி. அவருக்குச் சமைக்கத் தெரியும் என்பதே மகனுக்குத் தெரியாது. அவர் அடுப்பின் முன் நின்று, அளவு பாராமல் உப்புப் போட்டு, ஒரு கையால் குழம்பைக் கிளறும்போது மகன் கேட்பான், "இதெல்லாம் எங்க வாப்பா படிச்சீங்க?" அந்தக் கேள்விக்கான பதிலில்தான் அடுக்குக் கட்டில்கள் நிறைந்த அறை வரும், வேலை முடிந்து திரும்பி வெயிலின் களைப்போடு சமைத்த இரவுகள் வரும், தனியே கழித்த பெருநாட்கள் வரும். மாதாமாதம் வங்கிக்கு வந்த பணத்தின் வரலாறு அது. எந்தப் பயானாலும் சொல்ல முடியாத நன்றியுணர்வை ஒரு தேக்சா சோறு கற்றுக் கொடுத்துவிடும்.

செலவும் கண்ணியமும்

வேன் வாடகை, ஓட்டுநர் பேட்டா, தங்குமிடம், மளிகை, படகு ஆகியவற்றைக் கூட்டினால் ஒருவருக்கு வரும் தொகை சிலருக்குச் சிறிது, சிலருக்குப் பெரிது. தலைக்கு இவ்வளவு என்று அறிவித்தால் ஆட்டோ ஓட்டுபவரும் கூலி வேலை செய்பவரும் காரணம் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்வார்கள். எனவே எல்லோருக்கும் ஒரே மாதிரி உறை கொடுங்கள். பெயர் எழுதாமல் இயன்றதை வைத்துத் தரட்டும். குறைவதை வசதியுள்ளோர் ஸதகாவாகப் போட்டு நிரப்பட்டும். யார் எவ்வளவு வைத்தார் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஜகாத் நிதியில் கை வைக்க வேண்டாம். அதற்குரிய எட்டு வகையினரைக் குர்ஆனே வகுத்திருக்கிறது. விலையுயர்ந்த காலணியும் கேமராவும் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளை தன் தந்தையை இன்னொருவரின் தந்தையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலை குனிந்தால், ஸஃபரின் நோக்கமே முறிந்துவிடும்.

தந்தை இல்லாத பிள்ளை

இப்படியொரு பயணத்தை அறிவித்தவுடன் மஹல்லாவில் சில பிள்ளைகளின் முகம் வாடும். வாப்பா மவ்த்தாகிவிட்ட பிள்ளை, பெற்றோர் பிரிந்துவிட்ட பிள்ளை, தந்தைக்கு இவ்வாண்டும் விடுமுறை கிடைக்காத பிள்ளை. அறிவிப்புக்கு முன்பே அவர்களைப் பற்றிய மஷூரா முடிந்திருக்க வேண்டும். மாமாவோ, சாச்சாவோ, பாட்டனாரோ, மணமான மூத்த சகோதரரோ துணைக்கு வரட்டும். அதற்கும் ஆளில்லையெனில், மகனில்லாத ஒருவரோ, மகன்கள் வளர்ந்துவிட்ட ஒருவரோ, அப்பிள்ளையின் தாயிடமும் அவனிடமும் கேட்டு, அவர்களின் சம்மதத்தோடு பொறுப்பேற்கட்டும். எல்லோர் கண்ணெதிரிலும், குழுவோடு சேர்ந்தே அவன் இருக்க வேண்டும். தங்குமிடத்திலும் பிள்ளைகள் அனைவரும் ஒன்றாகவே உறங்க வேண்டும்.

யத்தீமாக வளர்ந்த நம் நபி (ஸல்) அவர்களைச் சிறு வயதில் பெரிய தந்தை அபூதாலிப் ஷாம் தேசத்து வணிகப் பயணத்தில் உடன் அழைத்துச் சென்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். யத்தீமை வீட்டில் விட்டுவிட்டுப் போகாத ஒரு பயணம் நம் உம்மத்தின் நினைவில் இருக்கிறது. நாமும் அவர்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

கவனக் குறைவு என்னும் ஓநாய்

யூஸுஃபை எங்களோடு விளையாட அனுப்புங்கள் என்று சகோதரர்கள் கேட்டபோது, யஃகூப் (அலை) அவர்கள் விளையாட்டைத் தவறென்று சொல்லவில்லை. நீங்கள் கவனமின்றி இருக்கும்போது ஓநாய் தின்றுவிடுமோ என்றே அஞ்சினார்கள். நம் காலத்து ஓநாய் நீர்நிலைதான். விடுமுறை நாட்களில் அருவியிலும் ஆற்றிலும் கடலிலும் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றி நாளிதழில் படிக்கிறோம். படகில் உயிர்காப்பு அங்கியின்றி ஒருவரும் ஏறக் கூடாது. அறியாத கடலில் இறங்கக் கூடாது. எண்ணிக்கையை ஒவ்வோர் இடத்திலும் எடுக்க வேண்டும். ஓட்டுநருக்கு இரவில் உறக்கம் கிடைக்கும்படி பயண நேரத்தை வகுக்க வேண்டும். காய்ச்சல், வாந்தி, காயத்துக்கான மருந்துகளும், ஒவ்வாமையுள்ள பிள்ளைகளின் பட்டியலும் அமீரிடம் இருக்கட்டும்.

கைப்பேசிகள் ஒரு பையில் இருக்கட்டும். அமீரின் கைப்பேசி மட்டும் இயங்கினால் போதும். மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம் வீட்டாரிடம் பேசப் பையைத் திறக்கலாம். இந்த விதி முதலில் தந்தையருக்கு, பிறகுதான் பிள்ளைகளுக்கு. கடை விலையும் வாட்ஸ்அப் குழுவும் பார்த்துக்கொண்டே மகனிடம் பேசும் தந்தை, மகனிடம் பேசவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இல்லையா என்று சகோதரிகள் கேட்கக் கூடும், கேட்பது நியாயம். தந்தையின் நேரத்தில் மகளுக்கும் முழு உரிமை உண்டு. ஃபாத்திமா (ரலி) அவர்கள் வரும்போது நபி (ஸல்) அவர்கள் எழுந்து சென்று வரவேற்றுத் தம் இடத்தில் அமர வைப்பார்கள் என்பதை நாம் அறிவோம். மகள்களோடு குடும்பமாகச் செல்லும் பயணமும் அடுத்துத் திட்டமிடப்பட வேண்டும். மகன்களுக்கென ஒன்றை முதலில் கேட்பதற்குக் காரணம், நம் வீடுகளில் தந்தையோடு மிகக் குறைவாகப் பேசுபவன் மகனே என்று நாம் கருதுவதுதான். மகளைக் கொஞ்சும் தந்தைகூட மகன் வளர வளர முகத்தை இறுக்கிக்கொள்கிறார். தம் பத்துப் பிள்ளைகளில் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று கூறிய அக்ரஃ இப்னு ஹாபிஸ் (ரலி) அவர்களுக்கு, இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்பட மாட்டார் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். கண்டிப்பே ஆண்மை என்று எண்ணும் தந்தையருக்கு அந்தப் பதில் இன்றும் பொருந்தும்.

திரும்பிய பின்

வேலை முடிந்தால் பயணி விரைந்து குடும்பத்திடம் திரும்ப வேண்டும் என்பது நபிமொழி. அவ்வாறே திரும்புவோம். ஆனால் மூன்று நாள் பேசிவிட்டு மூன்று மாதம் மௌனமாக இருந்தால் பயனில்லை. ஊரில் இருப்பவர் வாரம் ஒருமுறை அஸருக்குப் பின் மகனோடு நடக்கட்டும். கைப்பேசி வீட்டில் இருக்கட்டும். மீண்டும் கடல் கடந்து செல்பவர், வாரம் ஒருமுறை மகனைத் தனியாக அழைத்துப் பேசட்டும். அந்த அழைப்பில் மதிப்பெண் கேட்கக் கூடாது, அவன் என்ன கண்டான், என்ன நினைத்தான் என்று மட்டும் கேட்கட்டும்.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை அல்லாஹ் குர்ஆனில் பாதுகாத்திருக்கிறான். அதில் 'என் அருமை மகனே' என்ற அழைப்பு மூன்று இடங்களில் வருகிறது. தவ்ஹீதையும் தொழுகையையும் பொறுமையையும் அவர் அந்த அழைப்போடுதான் கற்பித்தார். நம் பிள்ளைகளும் உபதேசத்தைத் தாங்கிக்கொள்வார்கள். அந்த அழைப்பு முதலில் வந்திருந்தால்.

வரும் ஜுமுஆவுக்குப் பின் உங்கள் மஹல்லாவில் நான்கு தந்தையர் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து இதைப் பற்றி மஷூரா செய்யுங்கள். மகன்களையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், மற்றவை தானே அமையும்.

நம் பிள்ளைகளை நம் கண் குளிர்ச்சியாகவும், நம்மை அவர்கள் நம்பி நாடும் நிழலாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. தூரத்தில் உழைக்கும் தந்தையரின் உழைப்பில் பரக்கத் செய்து, அவர்களை நலமாகத் தம் குடும்பத்தாரிடம் சேர்ப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.